தண்ணீரில் காணாமல் போகும் கல்

அக்டோபர் 27, ஞாயிறு

கொழுந்தன் யுவராஜ் காலையில் வந்து சேர்ந்தான். எத்தியோப்பியாவில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர். இரண்டு வருஷம் கழித்து, தீபாவளிக்கு இரண்டு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. நான் காங்கயத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது ஆறாங்கிளாஸ் படித்தான். அன்று தொடங்கி டிப்ளமோ முடிக்கிற வரை அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டியவள் நான். தயிர்சாதத்தில் கடுகு கிடந்தால் தொடமாட்டான். அவனுக்கு மட்டும் தாளிக்காமல் தனியாக எடுத்து வைப்பேன். இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஹாலில் பெட்டியைப் பிரித்தான். அத்தைக்குச் சால்வை. இவருக்கு டார்ச் லைட், கொப்பரைக் களத்துக்குப் போகும்போது ஆகுமாம். எனக்கு ஒரு காபிப் பொட்டலம்.

"காபி பொறந்த ஊரே அதுதானுங்க அண்ணி. போட்டுக் குடிச்சுப் பாருங்க, அசந்துருவீங்க."

நான் டீ குடிக்கிறவள். இருபது வருஷமாக.

அவன் பெண்டாட்டி மேகலாவுக்குப் பெட்டியிலிருந்து எதுவும் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து வந்தது. பஞ்சு வைத்த ஒரு சின்ன டப்பா. மொச்சைக் கொட்டை அளவில் ஓபல் கல். அவள் டப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பச்சையும் ஆரஞ்சும் ஊதாவுமாக உள்ளே ஓடியது. இத்தனை வருஷ ராசிக்கல் கடை அனுபவத்தில் அப்படி ஒரு கல்லை நான் கையில் எடுத்ததில்லை.

"அக்கா, நீங்கதான் சொல்லோணும், நல்ல கல்லுங்களா?"

"பரவால்ல" என்றேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

கடையில் கூட்டம். நாலு பவழம், இரண்டு புஷ்பராகம், ஒரு கோமேதகம் போயின. ராசிக்கல் வாங்க வருகிறவர்களின் விரலைப் பிடித்துப் பிடித்து என் கைக்கே ரேகை தேய்ந்திருக்கும். பதினாறு வருஷமாகக் கல் விற்கிற என் விரலில் கல் கிடையாது. ஒருமுறை இவரிடம் கேட்டேன். "கல்லுக் கடையிலயே இருக்கறவளுக்கு எதுக்கு புள்ள கல்லு? தெனமும் பாக்கறதுதான" என்றார். சரிதான், சமையல்காரிக்குப் பசிக்காது போல.

மதியம் சும்மா இருந்தபோது அந்தக் கல் ஞாபகம். ஓபலுக்குச் சொந்தமாக நிறம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள் உள்ளே அடுக்கியிருக்கும், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுகிறபோதுதான் நமக்கு வண்ணமாகத் தெரிகிறது. இது முதலாளி சொன்னது. எத்தியோப்பியா ஓபலில் இன்னொரு குணம், அது தண்ணீர் குடிக்கும். நனைத்தால் நிறம் முழுக்கப் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். காயக் காயத் திரும்ப வரும், ஒரு வாரமோ பத்து நாளோ. முதலாளி ஒரு கல்லைத் தண்ணீரில் போட்டு எங்களுக்குக் காட்டியே இருக்கிறார். ஆனால் மஞ்சளோ எண்ணெயோ உள்ளே இறங்கினால் முடிந்தது கதை. மூன்று வருஷம் முன்னால் வெள்ளகோவில் அம்மா ஒருத்தர் மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, பழுப்பேறிய கல்லோடு வந்து கடையில் ஆடிய ஆட்டம் மறக்காது.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கடை டைரி, கடைச் சமாச்சாரம்தானே வரும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முறுக்கு நன்றாக வந்தது. யுவராஜ் மேகலாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான். மாடிப்படியிலேயே, எல்லோரும் பார்க்க. கர்மம்.

நவம்பர் 3, ஞாயிறு

அரைநாள் கடை. மேகலாவும் யுவராஜும் வந்தார்கள். முதலாளி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, இத எங்க புடிச்சீங்க? சம்பூர்ணம், பாத்தியா? கரி மேல தணல் நகர்ற மாதிரி இருக்குது பாரு" என்றார். பார்த்தேன். தராசில் வைத்தேன். ஆறு காரட் நாற்பது.

மேகலா கேட்டாள், "இதப் போட்டா என்னுங்க்கா நல்லது?"

சுக்கிரனுக்கு உரிய கல், புருஷன் பெண்டாட்டி ஒற்றுமைக்குப் போடுவார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "புருசன் மனசு மாறுச்சுன்னா கல்லு நெறம் போயிரும்னு சொல்லுவாங்க" என்றும் சொன்னேன். இது கடையில் எல்லோரிடமும் சொல்வதுதான், கேட்கிறவர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும்.

யுவராஜ் சிரித்தான். "அப்படின்னா இது ஆயுசுக்கும் மின்னுமுங்க அண்ணி."

மேகலா வெட்கப்பட்டுக்கொண்டு அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். நான் டிரேயைத் துடைத்து அடுக்கினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

யுவராஜ் கிளம்பினான். கோயம்புத்தூர் ஏர்போர்ட் வரை மேகலா போனாள். டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன், கடுகு இல்லாமல். "இதையெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே அண்ணி" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவன் அதற்குள் கார்க் கதவைத் திறந்து மேகலாவின் முந்தானை சிக்காமல் எடுத்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

நவம்பர் 15, வெள்ளி

பௌர்ணமி. கல்லை நாளை பத்தரிடம் மோதிரத்துக்குக் கொடுப்பதாக இருந்தது. சாயங்காலம் அத்தை ஆரம்பித்தார். "கடல் தாண்டி வந்த கல்லு. எத்தன பேரு கண்ணு பட்டுதோ. ராத்திரிக்குப் பால்ல மஞ்சள் கலந்து ஊறப் போட்டு, காலைல சாமிகிட்ட வெச்சுட்டுக் கொண்டுபோ."

மேகலா நேராக என்னிடம் வந்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவு என்பதற்குக்கூட மாடியிலிருந்து இறங்கி வருவாள்.

"அக்கா, எல்லாக் கல்லையும் அப்படித்தானுங்களே செய்யறது?"

பெரும்பாலும் அப்படித்தான். நீலமோ பவழமோ வாங்குகிறவர்களுக்கு நாங்களே சொல்லி அனுப்புவோம்.

"மஞ்சளும் வேண்டா, பாலும் வேண்டா. வெறுந்தண்ணி போதும்" என்றேன்.

அவள் வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கல்லைப் போட்டு, சாமி மாடத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மஞ்சள் வேண்டாம் என்று நான் சொன்னது அக்கறையில்தான். இல்லாவிட்டால் கல்லே பாழாகியிருக்கும். இதை யாரும் நினைத்துப் பார்க்கமாட்டார்கள். தண்ணீரைப் பற்றி அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 16, சனி

ஆறு மணிக்கு மேகலாவின் சத்தம். போய்ப் பார்த்தால் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே கல் இருப்பதே தெரியவில்லை. விரலை விட்டுத் தேடி எடுத்தாள். வெந்த ஜவ்வரிசி மாதிரி இருந்தது.

"அக்கா, நெறம் போயிருச்சுங்க்கா. என்னுங்க்கா இது?"

அத்தை வாயில் கை வைத்தார். "அடக் கடவுளே. சம்பூர்ணம் கடையில சொன்னாளாமே, மனசு மாறுனா நெறம் போகும்னு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அடுப்பில் பால் பொங்கியது. நான் ஓடினேன். பால் நிஜமாகவே பொங்கியது.

நவம்பர் 17, ஞாயிறு

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

நவம்பர் 19, செவ்வாய்

சொல்லலாம் என்றுதான் மாடிக்குப் போனேன். போனில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கம்பெனி விழா போட்டோவில் யுவராஜ் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் பெண் யார் என்று மேகலா கேட்கிறாள். அவன் சிரித்திருப்பான் போல. "சிரிக்காதீங்க! கல்லே சொல்லுது, நீங்க என்ன சிரிக்கறது" என்று கத்தினாள். பெருங்காயத்துக்கு இறங்கி வருகிற மேகலாவா இவள் என்று எனக்கே ஆச்சரியம்.

அந்த நேரத்தில் போய் "அது தண்ணியால" என்றால் என்ன ஆகும்? அப்போதே ஏன் சொல்லவில்லை என்பார்கள். இறங்கி வந்துவிட்டேன். ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

நவம்பர் 22, வெள்ளி

கல்லை ஈரத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்திருந்தாள் மேகலா. தினமும் காலையில் தண்ணீரில் கழுவி, சாமிகிட்ட வைத்து வேண்டிக்கொண்டு, திரும்ப மூடுகிறாளாம். பிறகு எப்படிக் காயும்?

இன்று அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னால இதப் பாத்துக்கிட்டு இருக்க முடியலீங்க்கா. நீங்களே எங்கயாவது ஆத்துல போட்டுருங்க."

"நீயே வெச்சுக்க கண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கை டப்பாவை வாங்கிவிட்டது.

நவம்பர் 23, சனி

நொய்யலில் போட்டுவிட்டதாக மேகலாவிடம் சொன்னேன். நொய்யல் பக்கமே நான் போகவில்லை. கடையில் யாரும் இல்லாத நேரம் தராசில் வைத்தேன். ஏழு காரட் இருபது. குடித்த தண்ணீர் அவ்வளவும் உள்ளேயே இருக்கிறது. பஞ்சில் வைத்து பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

ஆறு எண்பத்தைந்து. ஓரத்தில் பால் நிறம் தட்டியிருக்கிறது.

நவம்பர் 27, புதன்

ஆறு அறுபது. அத்தைக்கு மூட்டுவலி, தைலம் தேய்த்துவிட்டேன். சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிய பிறகுதான் பீரோவைத் திறந்தேன்.

நவம்பர் 30, சனி

ஆறு நாற்பது. வந்துவிட்டது!

மத்தியானம் சாப்பிட வந்தபோது கீழே யாரும் இல்லை. ஜன்னல் பக்கம் நின்று விரல் இடுக்கில் வைத்துப் பார்த்தேன். பச்சை ஓடியது, கையைச் சாய்த்தால் ஆரஞ்சு, இன்னும் சாய்த்தால் ஊதா. முன்னைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றியது. மோதிர விரல் மேல் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விரல் கறுப்பு, நகமெல்லாம் பாத்திரம் தேய்த்த நகம். ஆனாலும் என் விரலுக்குத்தான் பொருந்தியது. மேகலாவின் விரல் வெள்ளை வெளேரென்று இருக்கும், அதில் இந்தக் கல் எடுபடாது. இது கடைக்காரியாகச் சொல்கிறேன், பொறாமையெல்லாம் கிடையாது.

மாடியில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. எழுந்து மிக்ஸியைப் போட்டேன்.

டிசம்பர் 4, புதன்

இன்று பிழைத்தது மறுபிழைப்பு. சமையலறையில் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அத்தை திடீரென்று உள்ளே வந்துவிட்டார். ஜன்னலில் இருந்த தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டேன். அத்தை பேசினார், பேசினார், ஒரு மணி நேரம் பேசினார். அவர் போன பிறகு டம்ளருக்குள் பார்த்தால் வெறும் தண்ணீர். எனக்கே ஒரு நிமிஷம் பக்கென்றது. விரலை விட்ட பிறகுதான் தட்டுப்பட்டது.

இதைவிடப் பத்திரமான இடம் வேறு கிடையாது. எந்தப் பீரோவும் வேண்டாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

மேகலா பிறந்த வீட்டுக்குப் போகிறாளாம். கார்த்திகை தீபம் கழித்து தாராபுரத்திலிருந்து அவள் அப்பா வந்து கூட்டிப்போவார். எப்போது திரும்புவாள் என்று அத்தை கேட்டதற்கு அவள் மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். யுவராஜும் போனில், அங்கே இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடப் போவதாகச் சொன்னான். "நம்பாத ஊட்டுக்கு வந்து என்னுங்க அண்ணி பண்றது?" என்றான். குரல் உடைந்திருந்தது. ஆறாங்கிளாஸில் கணக்கில் பெயிலாகிவிட்டு வந்து நின்ற அதே குரல்.

"எல்லாஞ் சரியாயிரும் சாமி" என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் போய்விட்டால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மாடி காலி. பெருங்காயம் கேட்க ஆள் இருக்காது. சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலையிலிருந்து அத்தை அகல் விளக்குகளைத் தேடி எல்லா அறையையும் குடைந்துகொண்டிருந்தார். பீரோவையும் திறப்பார் என்று தெரியும். அதனால் விடிந்ததும் கல்லை டம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டேன். சாயங்காலம் நான் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் வெல்லப் பாகு, எண்ணெய். மேகலா மாடியெல்லாம் விளக்கு வைத்துவிட்டு இறங்கி வந்தாள். மூட்டையெல்லாம் கட்டி முடித்துவிட்டிருந்தாள், காலையில் அப்பா வருகிறார்.

"தாகமா இருக்குதுங்க்கா" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் டம்ளரை எடுத்துவிட்டாள்.

"அது வேண்டா!" என்று கத்தினேன். அவள் அதற்குள் அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். டக் என்று ஒரு சத்தம், கல் அவள் முன்பல்லில் பட்டு நெஞ்சில் விழுந்து உள்ளங்கைக்கு உருண்டது. அவள் இருமினாள். பிறகு கையைப் பார்த்தாள்.

அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒரு வாரம் தினமும் அதைக் கழுவிக் கும்பிட்டவள்.

"ஆத்துல போட்டுட்டேன்னீங்க."

பாகு என் கையில் இறுகிக்கொண்டிருந்தது.

"இத ஏனுங்க்கா தண்ணிக்குள்ள வெச்சிருக்கீங்க?"

பொய் ஒன்று வேண்டும். ஒரே ஒரு பொய். இத்தனை நாள் சரம் சரமாக வந்தது, அப்போது ஒன்றுகூட வரவில்லை.

"தண்ணியில கெடந்தா நெறம் தெரியாது" என்றேன். "காஞ்சா வந்துரும்."

"எத்தன நாள்ல?"

"ஒரு வாரம்."

அவள் மனசுக்குள் நாட்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. பௌர்ணமி, வெள்ளிக் கிண்ணம், வெறுந்தண்ணி போதும் என்ற என் பேச்சு. எண்ணி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். சரி, இப்போது எல்லாம் வெளியே வரும் என்று நின்றேன். அத்தையும் வாசலுக்கு வந்துவிட்டார். மேகலா ஸ்பீக்கரில் போட்டாள். வேண்டுமென்றே போட்டாளா, கை தவறிப் பட்டதா, தெரியாது.

"என்னுங்க. கல்லு கெடச்சுருச்சுங்க. அதுக்கு ஒண்ணுமில்லீங்க, தண்ணி பட்டா அப்படித்தானாமா, காஞ்சா வந்துருமாமா." அந்தப் பக்கம் யுவராஜ் ஒரே அழுகை. "அக்காதானுங்க, ஆத்துல போடாம பத்தரமா வெச்சிருந்தாங்க. நாந்தான் தெரியாம உங்கள வாயில வந்ததெல்லாம் பேசிட்டனுங்க."

யுவராஜ் மூக்கை உறிஞ்சினான். "அண்ணிகிட்டக் குடு. அண்ணி, நீங்க இல்லாட்டி எங்க கதி என்னாயிருக்கும்? உங்களுக்கும் ஒரு கல்லு வாங்கலாம்னுதானுங்க போனேன். கடையில தெனமும் பாக்கறவங்களுக்கு இது என்ன பெருசுன்னு உட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க அண்ணி."

"கையெல்லாம் பாகு சாமி, அப்பறம் பேசறேன்" என்றேன்.

அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "எம் மருமவ கெட்டிக்காரி!"

மேகலா கல்லை முந்தானையில் துடைத்து முடிந்துகொண்டு மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 14, சனி

தாராபுரத்து அப்பா வந்தார், பொரி உருண்டை வாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பிப் போனார்.

என்னை அவள் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், இருபது வருஷத்துக் கதையையும் எடுத்து விட்டிருப்பேன், டிபன் பாக்ஸ், கடுகு எல்லாவற்றையும். அதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் என்னைக் கொண்டாடுகிறார்கள், இவர் வேறு, இல்லாத அதிசயமாக மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அழகான விரல், சட்டைப் பையில் கல் கொண்டுவருகிற புருஷன், எல்லாம் அவளுக்கு. போகட்டும். ஒருத்தியை மன்னிக்காமலே காப்பாற்றி விடுகிற அந்த மனசும் அவளுக்குத்தானா வாய்க்க வேண்டும்? பொறாமைதான். பொறாமை, பொறாமை, பொறாமை. எழுதிவிட்டேன்.

சாயங்காலம் கடை அட்டை ஒன்றின் பின்பக்கம் எழுதினேன்: ஓபலைத் தண்ணீரில் போடக்கூடாது. எண்ணெய், மஞ்சள், சந்தனம், சென்ட், சோப்பு எதுவும் படக்கூடாது. அடுப்புப் பக்கமும் கடும் வெயிலும் ஆகாது. ஈரத்தோடு டப்பாவில் மூடக்கூடாது. தெரியாமல் நனைந்து நிறம் போனால் பயப்பட வேண்டாம், பஞ்சில் வைத்துப் பத்து நாள் விட்டால் வந்துவிடும். அதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மாடிக்குப் போய்க் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுக்கப் படித்தாள். பிறகு அட்டையை இரண்டாக மடித்தாள்.

"இத அன்னிக்கே எழுதத் தெரியாதாங்க்கா உங்களுக்கு?"

தெரியும். இறங்கி வந்துவிட்டேன்.

இறங்கி வந்து, அலமாரியிலிருந்த காபிப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாசனை வீடு முழுக்கப் பரவியது. இரண்டு டம்ளர் போட்டுப் படிக்கட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் இறங்கி வரவில்லை. என்னுடையதைக் குடித்துவிட்டேன். இன்னொன்று இப்போதும் அங்கேதான் இருக்கிறது, ஆறிப்போய்.